நாலு நட்சத்திரமும் ஒரு காற்றோட்டமான அறையும்

முப்பது வயதில் ஓய்வு பெறுகிறாளாம் என்று என் வேலையை ஏற்க வந்த நீங்கள் இரண்டு பேரும் சமையலறையில் நின்று சிரித்தது எனக்குக் கேட்டது. சிரியுங்கள். எட்டு ஆண்டுகள், மாதம் தவறாமல், 'கடைத்தட்டு' பக்கத்தை எழுதிவிட்டு இறங்குகிறேன். சம்பளமில்லாத ஒரு தமிழ் மாத இதழில் எட்டு ஆண்டு என்பது ஓர் ஆயுள்தான். பக்கத்தை எப்படி அமைப்பது, எந்தக் கிழமை அச்சகத்துக்கு அனுப்புவது என்பதெல்லாம் தனித்தாளில் எழுதி ஆசிரியரின் மேசையில் வைத்திருக்கிறேன். அந்தத் தாளில் எழுத முடியாத ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜெர்மன் கடைகளில் விற்கும் சஞ்சிகைகளை வாசித்து, எங்கள் சனத்துக்கு எது உதவும், எது குப்பை என்று நட்சத்திரம் போட்டுச் சொல்வதுதான் இந்தப் பக்கத்தின் வேலை. முதலில் கணினி, தோட்டம், பிள்ளைகளின் படிப்பு என்று போய்க்கொண்டிருந்தது. சுனாமிக்குப் பிறகு வந்த கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: இங்கே ஏதும் நடந்தால் என்ன செய்வது? நான் துள்ளிக் குதித்துக்கொண்டு சர்வைவல் சஞ்சிகைகள் பக்கம் போனேன். வெள்ளம், புயல், மின்சாரம் நின்று போதல், காட்டில் வழி தவறுதல், இவற்றில் எப்படி உயிர் தப்புவது, எப்படி முன்னாயத்தமாக இருப்பது என்று மினுங்கும் தாளில் படம் போட்டுச் சொல்பவை.

எனக்கு அவற்றில் ஒரு பைத்தியமே இருந்தது, ஒளிக்க மாட்டேன். அப்போது மியூனிக் பக்கத்துக் கார்ஹிங்கில் வேதியியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மாதம் ஒரு தரம் பான் நகரத்தில் இருக்கும் வீட்டுக்கு வருவேன், இதழ் வேலை பார்ப்பேன், திரும்பி ஓடுவேன். பான் ரயில் நிலையத்துக் கடையில் நின்றபடியே மூன்று சஞ்சிகைகளை வாசித்து முடிப்பேன். கடைக்காரப் பெண் சிகரெட் குரலில் ஜெர்மனில் சொல்வாள்: "வாசி, வாசி. ஆனால் தாளை மடக்காதே. மடக்கினால் உன் தலையில்தான் கட்டுவேன்." நான் மடக்காமல் வாசிக்கப் பழகினேன்.

வேகமாகத் தீர்ப்புச் சொல்வதில் எனக்குப் பெருமை. கத்திகளை ஒப்பிடும் கட்டுரையில் எந்தக் கத்தி முதலிடம் பெறுகிறதோ, அதே கத்தியின் விளம்பரம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒரு நட்சத்திரம் வெட்டு. காட்டில், பாலைவனத்தில், பனியில் என்று மூன்று கட்டுரைகளிலும் ஒரே ஆள் வெவ்வேறு தொப்பியோடு நின்றால் இன்னொன்று வெட்டு. தெளிவான அட்டவணை இருந்தால் ஒன்று கூடும். சரளமான மொழிக்கு ஒன்று. அரை மணித்தியாலத்தில் முடித்துவிடுவேன். இவையெல்லாம் பிழையான அளவுகோல்கள் அல்ல, நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போதாதவை. எவ்வளவு போதாதவை என்பதை அல்பேர்ட் அண்ணையிடம் அறிந்தேன்.

அல்பேர்ட் அண்ணை எங்கள் முகவர். வடக்கே, டச்சு எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறார். மாதம் முப்பது இதழ்களை வாங்கி, சைக்கிளில் போய் வீடு வீடாகக் கொடுப்பார். மன்னார் ஆள். இறைச்சித் தொழிற்சாலையின் குளிர் அறையில் வேலை. மனைவி றீற்றா அக்கா முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தவர். முழங்கால் பழுதாகி, அந்தக் காலத்தில் வீட்டோடு இருந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முதல் தடவை போனில் பேசியபோது அவரை மாமா என்று கூப்பிட்டுவிட்டேன்.

"மாமா எண்டு சொல்லிக் கிழவனாக்காதை பிள்ளை. அண்ணை எண்டு சொல்லு, நான் இன்னும் சைக்கிள் ஓடுறன்."

இதழ் கையில் கிடைத்த அன்றே என் பக்கத்தை வாசித்துவிட்டுப் பின்னேரம் கூப்பிடுவார். பாராட்டுவதற்கு அல்ல.

"நாலு நட்சத்திரம் போட்டிருக்கிறாய். அதை எழுதினவன் ஒரு நாளாவது பங்கருக்குள்ள இருந்தவனே?"

"அண்ணை, அவர் ராணுவத்தில பயிற்சி குடுத்தவராம்."

"பயிற்சி குடுத்தவன் வெளியிலதானே நிண்டிருப்பான்! உள்ளுக்க இருந்தவனைக் கேட்டு எழுதச் சொல்லு."

பின்னால் றீற்றா அக்காவின் குரல் கேட்கும்: "பிள்ளையை ஏன் பேசுறியள்? குடுங்கோ போனை." வாங்கி என்னிடம், "பேசட்டும், அவருக்கு வேற வேலை இல்லை. நீ சாப்பிட்டியோ?" என்பார்.

ஒரு மாதம், வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தால் எடுத்துக்கொண்டு போகும் முதுகுப்பையைப் பற்றிய கட்டுரைக்கு நட்சத்திரம் போட்டிருந்தேன். பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அறுபது பொருட்களின் பட்டியல். அண்ணை கூப்பிட்டு ஐந்து நிமிடம் சிரித்தார். "நாங்கள் தலைமன்னாரில வள்ளம் ஏறேக்க எங்கட பையில என்ன இருந்தது தெரியுமே? றீற்றான்ர கலியாணச் சாறியும் ஒரு போத்தல் சீனியும். சீனி ஏன் எண்டு இண்டைக்கும் அவளுக்கே தெரியாது." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்தப் புத்தகங்களில ஒரு விசயம் பார்த்தனியே பிள்ளை? தப்பிப் போறவன் எல்லாம் தனியாத்தான் போறான். பெண்சாதி எங்க? முழங்கால் ஏலாத மனிசியை எந்தப் பையில வைக்கிறதாம்?" என்றார்.

அதை ஒரு பகிடியாகத்தான் எடுத்தேன். ஏன், அதையே அடுத்த இதழில் "ஒரு வாசகர் கேட்கிறார்" என்று போட்டுக் கைதட்டலும் வாங்கினேன். ஒரு சஞ்சிகை யாரை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது, அந்த ஆள் எங்கள் வீட்டில் இருக்கிறாரா என்பதுதான் அண்ணையின் கேள்வி. அது விளங்க எனக்கு இன்னும் சில மாதங்கள் எடுத்தன.

அந்த இலையுதிர் காலத்தில் பிரபலமான ஒரு சஞ்சிகை குளிர்காலச் சிறப்பிதழ் போட்டது. மின்சாரம் இல்லாமல் வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்பது முகப்புக் கட்டுரை. விளம்பரம் குறைவு, அட்டவணை அருமை, மொழி தண்ணீர் மாதிரி ஓடியது. நாலு நட்சத்திரம் போட்டேன். அதோடு நிற்கவில்லை. சூடாக்கும் வழிகள் பற்றிய சின்ன அட்டவணையை, வாசகர்கள் வெட்டி வைத்துக்கொள்ளட்டும் என்று தமிழில் பெயர்த்துப் பெட்டி கட்டிப் போட்டேன். ஆசிரியர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "வடிவாயிருக்கு தங்கச்சி, ஆனா இடம் காணாது. ஒரு வரிக்கு மேல ஒண்டும் போகக்கூடாது" என்றார். சுருக்கினேன். சுருக்குவதில் நான் கெட்டிக்காரி.

கிரில் கரி என்ற வரிக்கு எதிரே ஜெர்மனில் மூன்றே சொற்கள் இருந்தன: பை கூட்டர் பெலுஃப்டுங், நல்ல காற்றோட்டத்தோடு. நான் எழுதியது: "கரிச்சட்டி – காற்றோட்டமான அறையில் பயன்படுத்தலாம்."

அகராதியை எடுத்துப் பாருங்கள், பிழை சொல்ல முடியாது. ஆனால் லுஃப்டன் என்ற சொல் ஜெர்மன்காரருக்கு ஒரு கை வேலை. எழுந்து போய், ஜன்னலை அகலத் திறந்து, கொஞ்ச நேரம் நிற்பது. நாங்கள் பானில் இருந்த முதல் வீட்டில், வீட்டுக்காரி கதவைத் தட்டி "லுஃப்டன்! லுஃப்டன்!" என்று அம்மாவைக் கத்துவாள். கறி வாசம் போகவில்லை, சுவரில் பூஞ்சை பிடிக்கிறது என்று. அந்தச் சொல்லோடு வளர்ந்தவள் நான். அதே சொல்லின் குடும்பம்தான் பெலுஃப்டுங். வாசிக்கும்போது ஜன்னல் திறக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. காற்றோட்டமான அறை என்று எழுதியபோதும் எனக்கு அதே சத்தம்தான் கேட்டது.

தமிழில் வாசிக்கிறவருக்கு அது கேட்காது. தமிழில் காற்றோட்டம் என்பது அறையின் குணம். வீடு பார்த்துவிட்டு வந்து சொல்வோமே, நல்ல விசாலமான, வெளிச்சமான, காற்றோட்டமான ஹோல் என்று. அதில் யாரும் எழுந்து போய் எதையும் திறக்க வேண்டியதில்லை.

நவம்பர் கடைசியில், அண்ணையின் ஊர்ப் பக்கம் ஈரப் பனி கொட்டியது. மின்கம்பிகளில் பனி கை மொத்தத்துக்கு உறைந்து, கம்பங்கள் முறிந்து, ஊர் ஊராக மின்சாரம் நின்றது. இரண்டாம் நாள் மதியம். நான் கார்ஹிங் போகும் ரயிலில் இருந்தேன். கடைசி நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும், பேராசிரியரைச் சந்திக்க டெர்மின், ஏற்கெனவே பிந்திவிட்டது. போன் அடித்தது.

"பிள்ளை, அல்பேர்ட் அண்ணை. பட்டரி சாகப்போகுது, கெதியாச் சொல்லு. இஞ்ச நேற்றையில இருந்து கரண்ட் இல்லை, ஹீட்டர் இல்லை. எனக்கு ஐஸ் அறை பழக்கம். றீற்றாவுக்கு ஏலாது, முழங்கால் ரெண்டும் கட்டையாப் போச்சு. உன்ர பக்கத்தைப் பார்த்து நிலவறையில கிடந்த கிரில் கரியை எடுத்துக்கொண்டு வந்திட்டன். அது பிரச்சினை இல்லையே?"

ரயில் வேகம் குறைந்தது. நான் எழுந்து கதவடியில் நின்றேன்.

"காற்றோட்டமான அறையெண்டாப் பிரச்சினை இல்லை அண்ணை."

"எங்கட ஹோல் நல்ல காற்றோட்டம்."

"அப்பச் சரி அண்ணை. கவனமா இருங்கோ."

"ஓம் ஓம். சாப்பிட்டியோ எண்டு கேட்கிறாள்."

நான் பதில் சொல்வதற்குள் போன் நின்றுவிட்டது. முழுப் பேச்சும் அரை நிமிடம் இருக்கும். பஸ் நின்றது, ஓடிப்போய் ஏறிவிட்டேன். டெர்மினுக்கு நேரத்துக்குப் போனேன்.

அந்தச் சஞ்சிகை என் தோள்பையில் இருந்தது. கார்பன் மொனொக்சைட்டு இரத்தத்தில் எதைப் பிடிக்கிறது, எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டக்கூடியவள் நான். யாராவது என்னிடம் ஜெர்மனில், "மூடிய அறையில் கரி எரிக்கலாமா?" என்று கேட்டிருந்தால் ரயிலே திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருப்பேன். அண்ணை தமிழில் கேட்டார். என் தமிழ்ச் சொல்லையே எனக்குத் திருப்பிச் சொன்னார். எனக்குள் ஜன்னல்கள் திறந்திருந்தன. அவருடைய ஹோலில் இரட்டைக் கண்ணாடி போட்ட ஜன்னல்கள் ரப்பர் விளிம்போடு இறுக மூடியிருந்தன.

நடந்ததைப் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தேன். பள்ளிக்கூட மண்டபத்தில் தீயணைப்புப் படையினர் ஜெனரேட்டர் வைத்து, தேநீர் கொடுத்து, சனத்தை இருத்துகிறார்கள் என்று செய்தி வந்தது. பனியில் றீற்றா அக்காவால் நடக்க முடியாது. யாரிடமாவது கார் கேட்டு வருகிறேன், அதுவரை சூடாக இரு என்று அண்ணை கரியை மூட்டிச் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தார். கரியை வீட்டுக்குள் கொண்டு வருவது அவர்களுக்குப் புதிதல்ல. மன்னார் வீட்டில் ஜெபம் முடிந்து சிரட்டைக் கரியில் சாம்பிராணி போட்டு அறை அறையாகக் கொண்டுபோனவர்கள். அந்த வீட்டின் ஓட்டு இடுக்கால் புகை தானே போய்விடும். அண்ணை நான்கு வீடுகளுக்கு நடந்தார். மூன்றில் ஆளில்லை, எல்லோரும் மண்டபத்துக்குப் போயிருந்தார்கள். நாலாவது வீட்டில் கார் இருந்தது, பனியில் புதைந்து. தோண்டி எடுத்துக்கொண்டு வர இரண்டு மணித்தியாலம். அக்கா போர்வையோடு, கன்னம் சிவந்து, நன்றாகத் தூங்குகிறவர் போலச் சோபாவில் இருந்தாராம். உடம்பு சூடாகியிருக்கிறது என்று அண்ணைக்கு முதலில் சந்தோசமாக இருந்ததாம்.

அந்த மூன்று வீடுகளில் ஆட்கள் இருந்திருந்தால் அவர்களுக்கும் என் பக்கத்தைச் சொல்லியிருப்பார். அதை அவரே என்னிடம் சொன்னார்.

செத்தவீட்டுக்கு ஆசிரியரும் நானும் போனோம். மின்சாரம் வந்திருந்தது, ஹீட்டர் வேலை செய்தது. ஆனால் அந்த வீட்டில் எல்லா ஜன்னல்களும் திறந்து கிடந்தன. டிசம்பர் குளிர். வந்தவர்கள் கோட்டோடும் கையுறையோடும் உட்கார்ந்து செபமாலை சொன்னார்கள். ஒருவரும் மூடச் சொல்லவில்லை.

அண்ணை என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்தார். சுற்றி இருந்தவர்களுக்குக் கேட்கும்படி, "இந்தப் பிள்ளையில பிழையில்லை. நான் போன் பண்ணிக் கேட்டனான், பிள்ளை சரியாத்தான் சொன்னது. எங்கட ஹோல் காற்றோட்டம் எண்டு நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றார்.

பிழை என் வரியில்தான் என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அழுகை வந்தது என்று இப்போது சொல்லலாம். உண்மை அதுவல்ல. யாரும் என்னைக் குற்றம் சொல்லப் போவதில்லை என்று தெரிந்தபோது எனக்குள் ஒரு சின்ன ஆறுதல் ஓடியது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். உங்களுக்கும் ஒருநாள் அப்படியொரு ஆறுதல் வரலாம். அதை நம்பாதீர்கள்.

திரும்பி வந்து என்ன செய்தேன் தெரியுமா? அந்த ஜெர்மன் சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். கரியை வீட்டுக்குள் எரிக்கலாம் என்று எப்படி எழுதுவீர்கள், ஜன்னல் திறந்திருந்தாலும் அது ஆபத்துத்தானே என்று வேதியியல் சமன்பாடுகளோடு. ஒரு மாதத்தில் மரியாதையான பதில் வந்தது. தங்கள் சம்பவம் வருத்தமளிக்கிறது. அட்டவணையில் நல்ல காற்றோட்டம் தேவை என்று தெளிவாகக் குறிப்பிட்டுள்ளோம். தொடர்ந்து வாசியுங்கள். அடுத்த இதழை வாங்கித் திருத்தம் தேடினேன். அதற்கடுத்த இதழிலும் தேடினேன். இல்லை. கொதித்தேன். தன் பிழையைத் தன் பக்கத்தில் போடாத சஞ்சிகைக்கு இனி நட்சத்திரமே இல்லை என்று புதிய விதி ஒன்றை எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டினேன்.

அந்த விதியின்படி எங்கள் 'கடைத்தட்டு' எத்தனை நட்சத்திரம் பெறும் என்று மாசி மாதம் வரைக்கும் நான் கேட்டுப் பார்க்கவில்லை.

மாசியில் கார்ல்ஸ்ரூஹேவுக்கு ஒரு கருத்தரங்குக்குப் போனேன். கூடப் படித்த தோழி, கோயம்புத்தூர்க்காரி, சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அவள் கணவர் கணினி நிறுவனத்தில் வேலை. "உங்க பேஜ்தான் எங்க வீட்ல ஃபேமஸ்" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் எடுக்க எழுந்தார். "இங்க பாருங்க, ஃபிரிட்ஜ்லயே ஒட்டி வச்சிருக்கோம். ஊர்ல இருந்து மாமனார் மாமியார் வந்து தங்கியிருக்காங்க, அவங்க ஜெர்மன் படிக்க மாட்டாங்கல்ல, தமிழ்ல இருக்கறதால ரொம்ப யூஸ்ஃபுல்."

அட்டவணை. நான் கட்டிய பெட்டி. பழ வடிவக் காந்தம் ஒன்று வைத்து, நேராக, ஒழுங்காக வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. நான் எழுந்து போய் அதைக் கிழித்தேன். கிழித்த பிறகுதான் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"ஏய், என்னாச்சுடி?" என்றாள் தோழி.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு மனிதரிடம் முழுதாகச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை பானில் ஆசிரியரிடம் திருத்தம் போட வேண்டும் என்றேன். அவர் பகலில் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவர், மாலையில் எங்கள் ஆசிரியர், எப்போதும் களைத்தவர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, செத்த மனிசின்ர நினைவு இன்னும் ஆறேல்லை. இப்ப போய்த் திருத்தம் எண்டு போட்டா அல்பேர்ட் என்ன நினைப்பார்? ஆரும் எங்களைக் குறை சொல்லேல்லையே."

"ஆரும் சொல்லாததாலதான் அண்ணை நாங்கள் போடோணும்."

"அப்ப முதல்ல அந்த மனிசனிட்டப் போய்ச் சொல்லு. அவர் ஓம் எண்டா நான் முதல் பக்கத்திலயே போடுறன்."

போனேன். ரயிலில் நான்கு மணித்தியாலம், எதையும் வாசிக்காமல். அண்ணை பிளேன்டீ போட்டார். ஜன்னல் ஒன்று அரைவாசி திறந்திருந்தது. சஞ்சிகையையும் எங்கள் பக்கத்தையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்து, ஜெர்மன் சொல்லையும் என் சொல்லையும் விரலால் காட்டிச் சொன்னேன். அந்தச் சஞ்சிகை எழுதியதே பிழை, கரியை எந்த வீட்டுக்குள்ளும் எரிக்கக் கூடாது, அதற்கு நாலு நட்சத்திரம் போட்டவள் நான். அவர்கள் பிழையாகவாவது ஒரு ஜன்னலைச் சொன்னார்கள், அந்த ஜன்னலையும் நான் சுருக்கிப்போட்டேன். நீங்கள் கேட்டபோது பையைத் திறந்து பார்க்காமல் பதில் சொன்னேன். உங்கள் ஹோலில் பிழையில்லை.

அவர் அந்த இரண்டு வரிகளையும் விரல் வைத்துப் பார்த்தார். 

"அவள் கேட்டவள்" என்றார்.

"என்ன அண்ணை?"

"நான் வெளிக்கிடேக்க. ஜன்னலைக் கொஞ்சம் திறக்கட்டோ எண்டு கேட்டவள். வேண்டாம், குளிர் உள்ளுக்க வரும், பிள்ளை எழுதினதில ஜன்னல் எண்டு ஒண்டும் இல்லையெண்டு நான் சொன்னனான்." கோப்பையைத் தள்ளி வைத்தார். "மூண்டு மாசம் இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நான் தடுத்துப்போட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

மூன்று மாதம் அவர் தனியாகச் சுமந்ததில் பாதி என்னுடையது. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அதைச் செத்தவீட்டன்றே வாங்கியிருப்பேன்.

நான் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை, நான் எதிர்பார்ப்பதுமில்லை. எழுந்து போய்ப் பேனா எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"எழுது. நான் சொல்லுறன். உன்ர வடிவான தமிழில எழுதாதை, நான் சொல்லுற மாதிரி எழுது. 'கரி வீட்டுக்குள்ள வேண்டாம். ஜன்னல் திறந்திருந்தாலும் வேண்டாம். கொஞ்ச நேரத்துக்கு எண்டாலும் வேண்டாம்.' எழுதிட்டியோ? வாசி."

வாசித்தேன்.

"ஒவ்வொரு நவம்பரும் போடோணும். ஒருக்காப் போட்டால் அடுத்த வருசம் வாறவனுக்குத் தெரியாது."

ஆசிரியர் சொன்னபடியே முதல் பக்கத்தில் பெட்டி கட்டிப் போட்டார். பேச்சுத் தமிழை மட்டும் திருத்தப் பார்த்தார். 'எண்டாலும்' என்பதை அடித்து 'என்றாலும்' என்று எழுதினார். நான் அழித்து மறுபடி அப்படியே எழுதினேன். மூன்று தரம் இழுபட்டு, கடைசியில் விட்டுவிட்டார். கீழே, எந்த மாத இதழில், எந்த வரியை, யார் பிழையாக எழுதினார் என்று என் பெயரோடு போட்டேன். இரண்டு பேர் சந்தாவை நிறுத்தினார்கள். பதினேழு பேர், வெட்டி ஒட்டி வைத்திருந்த பழைய பெட்டியைக் கிழித்துவிட்டதாக எழுதினார்கள். அந்தக் கடிதங்கள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன.

அதற்குப் பிறகும் இந்தச் சஞ்சிகைகளை விடாமல் வாசித்தேன். நட்சத்திரம் போடுவதைத்தான் நிறுத்தினேன். இப்போது ஒரு ஆலோசனையைக் கண்டால், எங்கள் வீடுகளில் ஒன்றை நினைத்து, அதில் முழங்கால் ஏலாத ஒருவரைச் சோபாவில் இருத்தி, இந்த வரியை வாசித்ததும் அவர் கை என்ன செய்யும் என்று பார்ப்பேன். எழுந்து எதையாவது திறக்கிறதா, மூடுகிறதா, ஊற்றுகிறதா, அல்லது மடியில் சும்மா கிடக்கிறதா? சும்மா கிடந்தால் அந்த வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்கள் பக்கத்துக்கு வராது. ஒரு சஞ்சிகையை வாசித்து முடிக்க இப்போது எனக்கு நாலு நாள் எடுக்கிறது. கடைக்காரப் பெண், "உனக்கு வயசாகிவிட்டது" என்கிறாள்.

இனி இந்தப் பக்கம் உங்களுடையது. போன் நம்பரும் பக்கத்தோடு சேர்ந்தே வருகிறது. நவம்பர் இதழ் அச்சுக்குப் போகும் கிழமையில் ஒருவர் கூப்பிடுவார். பகிடி விடமாட்டார், இப்போதெல்லாம் விடுவதில்லை. பெயர்கூடச் சொல்ல மாட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "பெட்டி போட்டாச்சோ பிள்ளை?"

போட்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும். நீங்கள் இருவரும் என்னைவிடக் கெட்டிக்காரர், என்னைவிட வேகம். அதனால்தான் சொல்கிறேன். உடனே ஓம் என்று சொல்லிவிடாதீர்கள். போனை மேசையில் வையுங்கள். எழுந்து போய்ப் பக்கத்தை விரித்து, மூன்று வாக்கியங்களும் இருக்கின்றனவா என்று விரல் வைத்து வாசியுங்கள். பிறகு வந்து ஓம் என்று சொல்லுங்கள்.

எவ்வளவு நேரமானாலும் அவர் காத்திருப்பார்.